மொட்டை டயர்

எல்லோரும் நல்ல டயர் கேட்பார்கள். இந்த அம்பாசிடர்காரர் மொட்டை டயர் கேட்டார்.

சவரிமுத்துவுக்கு விளங்கவில்லை. வண்டிகளுக்குத் தகுதிச் சான்று தரும் எஃப்.சி. மைதானத்துக்கு எதிரே டயர் வாடகைக்கு விடுகிறவர். காலையில் வந்து நல்லதாக நாலு மாட்டிக்கொண்டு போய் அதிகாரியிடம் காட்டுவார்கள். வண்டி பாஸானதும் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தங்கள் பழைய டயரிலேயே ஊருக்குத் திரும்புவார்கள். வருடந்தோறும் நடப்பதுதான்.

“அண்ணாச்சி, மாத்திச் சொல்றீகளா?”

இல்லை என்று தலையசைத்தார்.

அம்பாசிடரின் நல்ல சக்கரங்கள் நான்கும் கழன்றன. வழுவழுவென்று தேய்ந்த நான்கு ஏறின.

அம்பாசிடர்காரரின் மனைவி அப்போது அந்தத் தெருமுனைப் பிள்ளையார் கோவிலில் இருந்தாள். வண்டி பாஸாக வேண்டுமென்று வருடம் தவறாமல் ஒரு தேங்காய் உடைப்பாள்.

இவரும் மனதுக்குள் அதே பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டார்.

வேறு மாதிரி.

முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டியாகிவிட்டது. க்ளட்ச்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் போய்விட்டது. படுத்த பிறகும் கால் மிதித்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் சுற்றுப்பட்டு ஊர்களில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் இந்த வண்டிதான் வேண்டும். புதுக் காரில் வந்த மாப்பிள்ளைகூட மண்டபத்துக்கு நாலு வீடு முன்னால் இறங்கி இதில் ஏறிக்கொள்வான்.

முடியவில்லை என்று வீட்டில் சொல்லியிருக்கலாம்.

எப்படிச் சொல்வது? அவள் கழுத்துச் சங்கிலிதான் இந்த வண்டியாக நிற்கிறது. ‘ஓடுற வரைக்கும் ஓடட்டும்’ என்பாள். அவள் ஒரு நாளும் அசதி என்று உட்கார்ந்ததில்லை. உட்காராதவளிடம் போய் உட்கார வேண்டும் என்று கேட்க வெட்கமாக இருந்தது.

சர்க்கார் சொன்னால் கேட்டுக்கொள்வாள். இந்த வண்டி இனி ஓடக்கூடாது என்று ஒரு கையெழுத்து. மனிதன் தேய்ந்துபோனால் எழுதித் தர எந்த ஆபீசும் இல்லை.

வண்டிக்கு இருக்கிறது.

போன வருடம் ஹெட்லைட் பல்பைத் தளர்த்திவிட்டு வந்தார். அதிகாரி விளக்கின் தலையில் ஒரு தட்டு தட்டினார். எரிந்துவிட்டது.

இந்த வருடம் முறை வரவே மதியம் தாண்டிவிட்டது. புது அதிகாரி. இளவட்டம். வண்டியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“வைப்பரைப் போடுங்க.”

வருடம் முழுக்க மக்கர் பண்ணிய வைப்பர் எழுந்து இரண்டு பக்கமும் வணக்கம் வைத்தது.

ஹாரன் அடித்தது. ஹேண்ட் பிரேக் பிடித்தது. புகை வரும் என்று நம்பினார். அதுவும் வரவில்லை. வீட்டு மனிதர்களைப் போலத்தான் இந்த வண்டியும். நம்மிடம் முரண்டு பிடிக்கும், அடுத்தவர் முன்னால் சமர்த்து.

அதிகாரி குனிந்து டயரைப் பார்த்தார். இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

“டயர் மட்டும் மாத்திட்டு அஞ்சு மணிக்குள்ள கொண்டாந்து காட்டிருங்க பெரியவரே. இல்லன்னா ஃபெயில்னுதான் எழுதணும். மத்தபடி வண்டி தங்கம். இன்னும் பத்து வருஷம் ஓடும்.”

நல்ல மனதோடுதான் சொன்னார். இவருக்கு அழுகை வந்தது.

வண்டி சவரிமுத்து கடைக்குத் திரும்பியது. ஜாக்கி ஏறியது. சவரிமுத்து உள்ளே போய், காலையில் கழற்றி வைத்த நல்ல சக்கரங்களை ஒவ்வொன்றாக உருட்டி வந்து சாத்தினார்.

கோவிலிலேயே காத்திருந்த அவள் தேங்காய் மூடியும் கையுமாக வந்து நின்றாள்.

“என்ன சொன்னாக?”

அவள் சுவரில் சாத்தியிருந்த சக்கரங்களைப் பார்த்தாள். நடு இரும்பில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. ஆயுத பூசைக்கு அவளே தடவியவை. வண்டியில் மாட்டியிருந்த மொட்டைகளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

அவர் தரையைப் பார்த்தார். திட்டுவாள் என்று காத்திருந்தார்.

“அம்புட்டு அசதியா?”

இத்தனை வருடத்தில் யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. வாயைத் திறந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் கை தன்னையறியாமல் சங்கிலி இல்லாத கழுத்தைத் தடவியது.

சவரிமுத்து ஸ்பேனரை எடுத்தார்.

“மாட்டாதீக அண்ணே. ஜாக்கிய இறக்கிருங்க.”

சக்கரங்கள் மண்ணைத் தொட்டதும் அவள் வண்டியின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

எத்தனையோ மாப்பிள்ளைகளுக்கு அவர் திறந்துவிட்ட கதவு. தயங்கித் தயங்கி ஏறி உட்கார்ந்தார். சீட் மெத்தென்று இருந்தது. அது இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்பதே அவருக்குத் தெரியாது. காலை நீட்டினார்.

அவளும் மறுபக்கம் ஏறி உட்கார்ந்தாள். “ஸ்ஸ்” என்று தன் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். தேங்காயைக் கீறி ஒரு பத்தை அவரிடம் கொடுத்தாள். ஒன்றைத் தானும் கடித்தாள்.

வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. மைதானத்தின் வாசலுக்கு வந்த அதிகாரி கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, வாங்க வாங்க என்று கையசைத்தார்.

அவள் அந்தப் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினாள்.

அதுவும் மக்கர் பண்ணாமல் ஏறியது.