பத்தாவது வீடு

"பேரெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம் தம்பி. முதல்ல கட்டடத்தைக் காட்டுங்க" என்று வருகைப் பதிவேட்டை ஒதுக்கி வைத்தார் பெரியவர்.

ஜீவானந்தம் வாயெல்லாம் பல்லாக எழுந்தான். எழுபதைத் தாண்டியவர். பையன் சிங்கப்பூரில். அங்கிருந்தே இன்டர்நெட்டில் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அப்பாவை அனுப்பி வைத்திருக்கிறான். இப்படிப்பட்டவர்களை நம்பித்தானே இந்த ஏழு மாடியும் நிற்கிறது!

தாம்பரம் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில், முப்பது வருஷத்துக்கு மேல் ஆபீஸ்களாக இருந்த கட்டடம் அது. கம்பெனிகள் ஒவ்வொன்றாக நாவலூர்ப் பக்கம் கண்ணாடி மாளிகைகளுக்கு மூட்டை கட்டியதும், உள்ளே தடுப்புச் சுவர் எழுப்பி, டைல்ஸ் ஒட்டி, பாத்ரூமில் கைப்பிடி வைத்து, 'மூத்தோர் அடுக்ககம்' என்று போர்டு மாட்டிவிட்டார்கள்.

ஜீவானந்தம் இதுவரை ஒன்பது வீடு விற்றிருந்தான். பத்தாவதையும் விற்றுவிட்டால், நாலாவது மாடியில் ஒரு சின்ன வீட்டை அவனுக்குப் பாதி விலைக்குத் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். கெடு இன்றோடு முடிகிறது. அவன் அம்மா கனகவல்லி சேலையூரில், லிஃப்ட் இல்லாத வாடகை வீட்டில், படிக்குப் படி உட்கார்ந்து இரண்டு மாடி ஏறுகிறாள்.

"முதல்ல இதைப் பாருங்க சார்." வாசல் சுவரில் பதித்திருந்த பளிங்குக் கல்வெட்டைத் தொட்டுக் காட்டினான். "எழுபத்து நாலுல திறந்தது. திறந்து வச்சவர், கட்டின கான்ட்ராக்டர், எல்லார் பேரும் இருக்கு. தினமும் நானே என் கையால துடைக்கிறேன்."

"கண்ணாடி போடாம ஒண்ணும் தெரியாதே" என்று அந்தப் பக்கம் திரும்பாமலே நடந்தார் பெரியவர். "எழுபத்து நாலா? சிமென்ட்டுக்கு பர்மிட் வாங்கணும் அப்பல்லாம். நாயா அலைஞ்சாலும் மூட்டை கிடைக்காது."

"கிடைக்காத காலத்துலயே ஏழு மாடி எழுப்பியிருக்காங்க பாருங்க சார்! இப்ப இருக்கிற பில்டருங்க மாதிரியா? அந்த கான்ட்ராக்டர் மட்டும் என் எதிர்ல வந்தார்னா, அப்படியே கால்ல விழுந்து கும்பிடுவேன்."

பெரியவருக்குப் புரையேறியது. ஜீவானந்தம் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

நாலாவது மாடியில் லிஃப்ட்டை விட்டு இறங்கியதும் அவர் நேரே நடைபாதைத் தூணிடம் போய் விரல் முட்டியால் தட்டினார். மேலே தட்டினார், கீழே தட்டினார். காதை வைத்துக் கேட்காத குறைதான்.

"இதையெல்லாம் உடைச்சு உள்ள பார்த்தீங்களா?"

"எதுக்கு சார் உடைக்கணும்? பெயின்ட் அடிச்சா போதும்னு எஞ்சினீயரே சொல்லிட்டாரு."

துடைப்பத்தோடு வந்த கிளியம்மாள் குறுக்கே புகுந்தாள். "இன்னா சார் இது, பெருக்கப் பெருக்க இந்தத் தூணாண்ட மண்ணு கொட்டிகினே கீது! தெனம் ரெண்டு மொறம் அள்றேன்."

"வேலை நடக்குதில்லக்கா, அந்தத் தூசிதான். நீங்க கீழ போங்க." அவளைக் கண்ணாலேயே விரட்டினான்.

பெரியவர் விற்பனைக்கிருந்த வீட்டுக்குள் போனார். குழாயைத் திறந்து பார்த்தார். பால்கனியில் நின்று, பீச் போகும் மின்சார ரயிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"காத்து நல்லா வருது. இடமும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

ஜீவானந்தத்தின் வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. புக்கிங் படிவத்தை நீட்டினான்.

"பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன் தம்பி."

இப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

"சார், விக்கிறதுக்காகப் பேசறேன்னு நினைக்காதீங்க. ஒன்பது வீடு வித்துட்டேன். பத்தாவதா நீங்க கையெழுத்துப் போட்டா எங்கம்மாவுக்கும் இங்க ஒரு வீடு கிடைக்கும். இதே மாடி. அந்தத் தூணை ஒட்டின வீடு. பெத்த தாயையே கொண்டுவந்து வைக்கப் போறேன் சார், அவ்வளவு நம்பிக்கை!"

பெரியவர் முகம் வெளிறியது. "அந்தத் தூணை ஒட்டியா?"

"ஆமா சார்."

அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மாவை இங்க கூட்டிட்டு வராதீங்க தம்பி. வாங்கின ஒன்பது பேர்கிட்டயும் சொல்லிடுங்க."

ஜீவானந்தத்துக்குச் சுறுசுறுவென்று ஏறியது. "பிடிக்கலைன்னா போங்க சார். பிழைப்புல ஏன் மண்ணைப் போடறீங்க? எத்தனை எஞ்சினீயர் பார்த்த கட்டடம்! இதைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

பெரியவர் லிஃப்ட்டை விட்டுவிட்டுப் படியில் இறங்கினார். அவன் பின்னாலேயே பொருமிக்கொண்டு வந்தான். கீழே வந்ததும் அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பதிவேட்டை இழுத்து, நிதானமாக எழுதி மூடி வைத்துவிட்டு வெளியேறினார்.

ஜீவானந்தம் எரிச்சலோடு அதைத் திறந்தான். 'சே. ஏகநாதன், ஓய்வு பெற்ற கட்டட கான்ட்ராக்டர்' என்றிருந்தது. அன்று காலையில்கூட அவன் ஈரத்துணி போட்டுத் துடைத்த கல்வெட்டின் கடைசி வரியில் இருந்த அதே பெயர்.

அவன் வாசலுக்கு ஓடி வருவதற்குள், விழுந்து கும்பிட வேண்டிய அந்தக் கால்கள் ரோட்டைக் கடந்து கூட்டத்தில் கலந்திருந்தன.