பட்டம் விடும் வழக்கு

“அசல் எங்கே?” என்று கேட்டார் நீதிபதி.

அக்ஷரா தாளைப் புரட்டிப் பார்த்தாள். அவள் கையில் இருந்தது பழைய தீர்ப்பு ஒன்றின் நகல். நீதிபதி அசலைக் கேட்பார் என்று எந்த சீனியரும் சொல்லித் தரவில்லை.

“மை லார்ட், பிரதிதான் இருக்கு.”

“பிரதியெல்லாம் செல்லாது. போகட்டும், இந்தத் தடவை விடறேன். மேலே பேசுங்க.”

(பேச்சு முழுக்க ஆங்கிலத்தில்தான் நடந்தது. நம் வசதிக்குத் தமிழ்.)

ஜாதவ்பூர்ப் பக்கம் ஒரு சட்டக் கல்லூரியில், மாதிரி நீதிமன்றப் போட்டி நடக்கும் வகுப்பறை அது. மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து ஒரு சுத்தியலையும் வைத்துவிட்டதால் உச்ச நீதிமன்றம் ஆகியிருந்தது. வரைபடத்தில் இல்லாத மந்தாரியா என்ற நாட்டில், மொட்டை மாடியில் பட்டம் விட அரசு தடை போட்டுவிட்டது, அதுதான் வழக்கு. பட்டம் விடுகிறவர்கள் சார்பில் அக்ஷரா, அரசு சார்பில் நரேன்.

டாலிகஞ்சில் வளர்ந்த தமிழ்ப் பெண் அக்ஷரா, இதுவரை போன போட்டிகளில் எல்லாம் முதல் சுற்றோடு வீடு திரும்பியவள். இதிலும் தோற்றால் அணியில் அவள் இடம் வேறொருத்திக்கு என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். நரேனோ போன வருடத்துச் சிறந்த பேச்சாளன். ஜூனியர்களுக்கெல்லாம் அவன் நரேன்-தா, அதாவது நரேன் அண்ணன்; வங்காளம் அருவி மாதிரிக் கொட்டும். அவன் வாயில் ‘மை லார்ட்’ நெய் தடவினாற்போல் வழுக்கிக்கொண்டு வரும்.

“அவன்கூடவா மோதணும்? வா, தோத்தாச்சுன்னு எழுதிக் குடுத்துட்டு வண்டிக்கடையில புச்கா சாப்பிடப் போலாம்” என்று காலையிலேயே யோசனை சொன்னாள் மேக்னா. அக்ஷராவின் அணித்தோழி. பக்கத்தில் உட்கார்ந்து துண்டுச் சீட்டில் குறிப்பு எழுதித் தள்ளுவது அவள் வேலை.

சுற்று தொடங்கும் நேரத்தில், வர வேண்டிய நீதிபதி வரவில்லை. அமைப்பாளர்கள் வாசலுக்கு ஓடி, கறுப்புக் கோட்டும் நரைத்த மீசையுமாக நின்றிருந்த இவரை அழைத்து வந்தார்கள். உட்காரவைத்து, கையில் சுத்தியலைக் கொடுத்து, முன்னால் சந்தேஷ் இனிப்புத் தட்டையும் வைத்தார்கள்.

எடுத்த எடுப்பில் அவர் பெயரைக் கேட்டார். “சொல்லக்கூடாது மை லார்ட். நாங்க யாருன்னு நீதிபதிக்குத் தெரிஞ்சா அணியையே நீக்கிடுவாங்க. நாங்க அணி எண் பதினொன்று” என்றாள். “நம்பர் இருந்தா போதும்” என்று தாளில் ஒரு டிக் அடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அந்த அசல் விவகாரம். அதையும் தாண்டி அக்ஷரா பேசிக்கொண்டிருந்தபோது அவர் குனிந்து கேட்டார்: “ஒருத்தர் பட்டம் இன்னொருத்தர் இடத்துக்குள்ளே வந்துட்டா என்ன செய்யறது?”

படித்து வந்த பதில் எதுவும் அவள் நினைவுக்கு வரவில்லை. “கொஞ்சம் நகர்ந்து இடம் குடுக்கலாம், மை லார்ட். எல்லாரும் ஒரே வானத்துலதானே போகணும்” என்றாள்.

நீதிபதியின் முகம் மலர்ந்துபோயிற்று. “எல்லாரும் இப்படி இருந்துட்டா எவ்வளவு நல்லாயிருக்கும்” என்றவர், ஒரு சந்தேஷை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு அவள் பேசப் பேசத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவளுக்கே தன் குரல் யாரோ பெரிய வக்கீலுடையது போல் கேட்டது.

அடுத்து நரேன் எழுந்தான். “அ...” என்று ஆரம்பித்து, எச்சில் விழுங்கி, “மை லார்ட்” என்றான். நெற்றியில் வியர்வை.

“நேரா நில்லுங்க. காலரைச் சரி பண்ணுங்க” என்றார் நீதிபதி.

அவ்வளவுதான், போன வருடத்துச் சிறந்த பேச்சாளன் போன இடம் தெரியவில்லை. பக்கத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தான். அரசுக்காக வாதாட வந்தவன், பட்டம் விடுவது கண்ணுக்கும் கைக்கும் நல்ல பயிற்சி என்று சொல்லி உட்கார்ந்தான்.

மேக்னாவின் சீட்டு வந்தது: ‘இவரைப் பார்த்து நரேன்-தாவே நடுங்கறான். நீ எப்படிடி தப்பிச்சே?’

“அணி பதினொன்று ஜெயிச்சுது” என்று சுத்தியலைத் தட்டினார் நீதிபதி. மேக்னா நாற்காலிமேல் ஏறி நின்றாள். அக்ஷரா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. நன்றி சொல்ல ஓடினாள்.

படிக்கட்டுத் திருப்பத்தில் அப்படியே நின்றாள். கீழே நீதிபதியும் நரேனும் ஒருவர் காதை ஒருவர் கடிப்பது போல் பேசிக்கொண்டிருந்தார்கள். அதுவும் தமிழில்.

“மனசு கேக்கலை. மார்க் தாள் இன்னும் என் கையிலதான் இருக்கு. மாத்திடட்டுமா?” என்றார் நீதிபதி.

அக்ஷரா சட்டென்று தூணோரம் ஒதுங்கினாள். ஜெயித்து முழுசாக மூச்சுகூட விடவில்லை, அதற்குள்ளா? இறங்கிப் போய்ச் சண்டை போடுவதா, மேக்னாவைக் கூப்பிடுவதா என்று தூண் மறைவில் தவித்தாள்.

“வேண்டவே வேண்டாம்” என்றான் நரேன். “அந்தப் பொண்ணு நல்லாப் பேசினா. நான்தான் உளறினேன். தாளை அப்படியே குடுத்துடுங்க.”

நீதிபதி பெருமூச்சு விட்டு, தோள்பையைத் திறந்தார். நரேன் மாடிப்படியை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“குடுக்க வந்த டிபனைக் குடுத்துட்டுக் கிளம்புங்க அப்பா, ரயில்ல டிக்கெட் செக் பண்ண நேரமாச்சு.”