வராதவளின் வசனம்

சிக்கந்தராபாத் ஆலயத்தின் பின்னறையில் வாலிபர் சங்கம் கூடியிருக்கிறது. மாலை வெயில் சன்னற்கம்பிகளின் வழியே கோரைப்பாயின்மீது வரிவரியாக விழுகின்றது. வெளியே ஜட்கா ஒன்றன் குளம்போசை தேய்ந்து மறைகின்றது. பெயர் அழைக்கப்பட்டவுடன் ஒவ்வொருவரும் ஒரு வேதவசனம் சொல்லுதல் சங்கத்தின் வழக்கம். மூன்று வாரம் வாய் திறவாதவருடைய பெயர் பதிவேட்டினின்றும் நீக்கப்படும். எட்மண்ட் வேதத்திலேயே மிகச் சிறிய வசனத்தைச் சொல்லிவிட்டு அமர்கின்றான். “போன வாரமும் இதேதானே? நக்கோ பாபா, வேணாம்!” என்கின்றாள் செலின். எல்லாரும் சிரிக்கின்றனர். எப்சிபாவுக்கு அச்சிரிப்பு அடுத்த வீட்டில் பாத்திரம் உருள்வதுபோற் கேட்கின்றது. அவள் அண்ணனை அடக்கம்செய்து இன்றோடு இருபது நாள். கடந்த இரண்டு ஞாயிறும் அவள் பேசவில்லை.

“எப்சிபா” என்று அழைக்கின்றான் செயலாளன் கிதியோன். அவள் பாயிற் பிரிந்த ஒரு கோரையையே பார்த்திருக்கின்றாள். வசனம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கிதியோனின் பேனா, பெயரடிக்கும் சிவப்பு மைக்கூட்டின்மேல் தயங்குகின்றது. வர இயலாதவர் சொல்லியனுப்பும் வசனத்தைத் தோழர் ஒருவர் சொல்வதும் அங்கே உண்டு. செலின் எழுகின்றாள். “எப்சிபா சொல்லியனுப்பியிருக்கா. நான் சொல்றேன்.” எட்மண்ட் திகைத்து, “உன் பக்கத்துலதானே உக்காந்திருக்கா?” என்கின்றான். “ஹவ், ஆமா, ஆனா இன்னும் வந்து சேரல. வர்ற வரைக்கும் நானே சொல்றேன். எழுதுங்கண்ணே.” கிதியோன் கறுப்பு மையைத் தொட்டு எழுதுகின்றான். தன் பெயராற் சொல்லப்படும் வசனத்தை, யாருக்கோ வந்த கடிதத்தைக் கேட்பதுபோல், எப்சிபா கடைசிச் சொல்வரையிற் கேட்கின்றாள்.