ஒரே பெட்டி

ஆய்வகச் சுவரில் ஒட்டியிருந்த படத்தில் ஒரு மரம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. எச்.ஐ.வி. கிருமியின் வம்சாவளி அது. ஒவ்வொரு நுனியும் ஒரு நோயாளியின் ரத்தம். இரண்டு பழைய வகைகள் யாரோ ஒருவரின் உடம்பில் கலந்து, புதிதாக ஒன்று பிறந்து, துறைமுகத்திலிருந்து நூற்பாலை ஊர்கள் வழியாக மலையடிவாரம் வரை வந்துவிட்டதை ஆய்வாளர் ரெஜினா விரலால் காட்டினாள்.

"கலந்ததைத் திரும்பப் பிரிக்க முடியாதுக்கா."

ஆய்வுக்கு ரத்தம் கொடுக்க வந்திருந்த பேச்சியம்மாள் படத்தையே பார்த்தாள். "எங்க வீட்டுக்காரரும் சாகுறதுக்கு முன்னாடி இங்க ரத்தம் குடுத்தாரே, அது?"

"ஃப்ரீசர்ல பத்திரமா இருக்கு."

அவரை எரித்து, சாம்பலையும் ஆற்றில் கரைத்தாயிற்று. நோயைக் கொடுத்து மகனைக் கொன்றவள் என்று மாமியார் பேச்சியம்மாளைப் பிணத்தின் அருகில்கூட விடவில்லை. தெருமுனையில் நின்றுதான் பாடை போவதைப் பார்த்தாள்.

"என்னோடத எங்க வைப்ப?"

"அதே வகையா இருந்தா அதே பெட்டிதான்."

பேச்சியம்மாள் ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டாள். ஊசி இறங்கியபோது முகத்தைத் திருப்பவில்லை.

எல்லோரும் கேட்கும் கேள்விக்கு ரெஜினா முந்திக்கொண்டாள். "யார்கிட்டருந்து யாருக்கு வந்துச்சுன்னு இந்த மரம் அடிச்சுச் சொல்லாதுக்கா."

"அத யாரு தாயி கேட்டா? அவரு பக்கத்துல வையி. அங்க யாரும் என்னையத் தள்ளி நிக்கச் சொல்ல மாட்டாகல்ல?"