இறக்கைத் துணி

பல் டாக்டர் செய்துகொண்டிருந்த மாதிரி விமானம் கட்டில் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. மாடிக்கு மேல் மாடி எடுத்ததுபோல் இரட்டை இறக்கை வைத்த, அந்தக் காலத்துக் குண்டுவீச்சு விமானம். கடையில் வாங்கிய பாகம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் அவரே மரத்தில் செதுக்கியது.

"இறக்கைக்குள்ள இவ்வளவு வேலை செஞ்சுட்டு, மேல துணியைப் போர்த்தினா யாருக்குங்க தெரியும்? ஒரு பக்கமாவது திறந்து வைங்க. கண்காட்சியில பரிசு கிடைக்கும்," என்றாள் மனைவி.

"நிஜ விமானம் துணியோடதான்டி பறந்துச்சு. திறந்து வெச்சா அது எலும்புக்கூடு."

போர்த்தியே விட்டார்.

கண்காட்சிக்கு நடுவர் வந்தார். ஆயுளில் ஒரு காகித ராக்கெட்கூட மடித்தறியாதவர். மாதிரி விமானங்களைப் பற்றி விடிய விடியப் பேசுவார். அதைக் கேட்கப் பின்னால் ஒரு கூட்டம் நெருக்கியடித்தது.

"உள்ள வெறும் தெர்மோகோல்தானே டாக்டர்? பரிசுக்கெல்லாம் தேறாது," என்று பேனாவை நீட்டினார். அடுத்த நொடி பேனா இறக்கைத் துணியைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது.

டாக்டருக்கு உயிரே போய்விட்டது. நடுவர் அசடு வழிந்தபடி கிழிசலுக்குள் எட்டிப் பார்த்தார். தீக்குச்சி கனத்தில் வரிசை வரிசையாக மரச்சட்டங்கள், ஒவ்வொன்றிலும் வட்டத் துளைகள், அவற்றின் ஊடே இழுத்துக் கட்டிய கம்பிகள். நடுவர் அதே பேனாவால் மதிப்பெண்ணைத் திருத்தி எழுதினார்.

முதல் பரிசுக் கோப்பையோடு வீடு திரும்பும்போதும் டாக்டருக்கு ஆறவில்லை. "கை நடுங்குற ஆளு பேனாவைப் பையில வெச்சுக்க வேண்டியதுதானே!"

"பாவம், அவரைத் திட்டாதீங்க," என்றாள் மனைவி. "அவர் கை கல்லு மாதிரிதான் இருந்துச்சு. பின்னால நின்னு முழங்கையை இடிச்சுவிட்டது நான்தான்."