கல்லறைத் திருநாளில் வாசித்த பெயர்

கல்லறைத் திருநாள் பூசையில், இறந்தபின் உத்தரிக்கிற ஸ்தலத்தில் மீட்புக்குக் காத்திருக்கும் ஆன்மாக்களுக்காக உபதேசியார் வாசித்த பட்டியலில் சலேத்தின் பெயரும் இருந்தது. மனைவியை விட்டு ஓடிப்போன அந்தச் சலேத்தோ, பதினோரு வருடம் கழித்து அன்று காலைதான் ஊர் திரும்பி, கடைசி வரிசையில் ஒதுங்கி நின்றிருந்தான். எல்லோரும் முழந்தாளிட்டார்கள். தனக்காக அவனும் முழந்தாளிட்டான்.

"சலேத்து பேர யாரு குடுத்தா?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டான்.

"அவன் பெஞ்சாதி அமலோற்பவம். கடல்ல செத்துட்டான்னு வருசம் தவறாம குடுக்கா."

ஓடிப்போயிருந்த காலத்தில் ஒருமுறை நடுக்கடலில் படகு கவிழ்ந்தபோது தன்னைத் தாங்கிப் பிடித்தது எது என்று அவனுக்கு இப்போது தெரிந்தது.

கல்லறைத் தோட்டத்தில், வெறும் மண்ணில் அவன் பெயர் எழுதி நட்ட ஒரு சிலுவையின் முன் அவள் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தாள். அவனைப் பார்த்து உறைந்துபோனாள். அவன் கூசிக் குனிந்து மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கப் போனான்.

"அணைக்காதீங்க. முழுசா எரியட்டும்."

காற்று படாமல் இரு கைகளாலும் அவன் சுடரைப் பொத்திக்கொண்டான்.