இரண்டும் இடது கை

“ரெண்டு கையுமே இடது கை, அக்கா. முதலாளி சட்டையைத் தூக்கித் தூக்கிக் காட்டுறாரு, அப்பவும் என்ன தப்புன்னு எனக்குப் புரியல.”

தையல்காரி மூக்கை உறிஞ்ச, மாடிவீட்டு அக்கா நாற்காலியை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டாள். அடுத்த வீட்டு ரத்தப் பரிசோதனையை அவள் படிக்கும் அக்கறையோடு சொந்த மகளின் மதிப்பெண்ணைக்கூடப் படித்ததில்லை.

“தைராய்டு மாத்திரையை ஒழுங்கா போடுறியா?”

“வருஷக்கணக்கா போடுறேன். எந்திரிச்சதும் வெறும் வயித்துல. நல்லாத்தான்க்கா இருந்தேன். இப்ப உடம்பு ஊதுது, முடி கொத்துக் கொத்தா போகுது, மிஷின்ல உட்கார்ந்தா தூக்கம் சொக்குது. இன்னொரு தடவை தப்பு நடந்தா வேலைக்கு வரவேண்டாம்னுட்டாரு.”

“அப்ப இது கார்ட்டிசால்ங்கிற ஹார்மோன்தான்,” என்றாள் அக்கா. கைபேசியில் நேற்றுத்தான் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தாள். “மனசுல கவலை இருந்தா அது பாட்டுக்கு ஏறுமாம்.”

“எனக்கு என்னக்கா கவலை?”

அடுக்களையிலிருந்து பதில் வந்தது. “இது டீயா, கழுநீரா?”

‘அதோ உன் கார்ட்டிசால்’ என்று அக்கா கண்ணாலேயே காட்டினாள்.

டம்ளரோடு வெளியே வந்தார் அவள் கணவர், பிளாஸ்டிக் டப்பாக்கடைக்காரர். “ஒரு வாய் டீ உருப்படியா போடத் தெரியாதா உனக்கு?”

“நான் டீயை மட்டும்தாங்க போட்டு வைக்கிறேன். மத்ததை நீங்கதானே கலந்துக்கறீங்க?”

“எதுக்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு!” என்று உள்ளே போய்விட்டார்.

மனிதர் கொஞ்ச நாளாகவே ஒரு மார்க்கமாகத்தான் இருந்தார். ஆள் பாதியாக இளைத்துவிட்டார். ராத்திரி படுத்தால் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறதாம். தெருவில் இதற்கு வேறு காரணம் பேசிக்கொண்டார்கள். பேசியதில் பாதி அக்காவின் சொந்தத் தயாரிப்பு.

வீட்டைப் பொறுத்தவரை அவரைக் குறை சொல்ல முடியாது. உப்பிலிருந்து மாத்திரைவரை எல்லாமே அவர் கடை நீல மூடி டப்பாவில்தான் இருக்கும். டப்பாமேல் சீட்டு ஒட்டினால் அழகு கெட்டுவிடும் என்று, பெயரெழுதிய சீட்டை மூடியில்தான் ஒட்டுவார். மாதமொரு தரம் எல்லாவற்றையும் இறக்கி, மூடிகளை ஊறவைத்துத் துடைத்து அடுக்கினால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

“டாக்டர்கிட்ட இவரையும் கூட்டிட்டுப் போ,” என்றாள் அக்கா கிளம்பும்போது. “உன் கவலையை அவரும் நேர்ல பார்க்கட்டும்.”

டாக்டர் பரிசோதனைத் தாளை முன்னும் பின்னும் புரட்டினார். “மாத்திரையே போடாதவங்களுக்கு வர்ற மாதிரி வந்திருக்கே! ஒண்ணும் பிடிபடலம்மா. கார்ட்டிசாலையும் பார்த்துடுவோமா?”

“அப்ப எனக்குப் பைத்தியம்தான் பிடிக்குதா டாக்டர்? சத்தியமா தினமும் போடுறேன். நாக்குல வச்சு, தண்ணி குடிச்சு…” அவள் குரல் உடைந்தது. “இப்ப என் வாழ்க்கையில இனிப்பா இருக்கறதே அந்த மாத்திரை ஒண்ணுதான்.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

“இனிப்பாவா?”

டாக்டரின் பார்வை மெல்லத் திரும்பியது. ஏசி அறையிலும் வேர்த்து வழிய, பக்கத்தில் கணவர் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் நடுங்கின.

“சார், நீங்க டீக்குச் சர்க்கரை போடுறதில்லையா?”

“எனக்கு ஆகாதுங்களே! அதுக்குப் பதிலா குட்டி மாத்திரை ஒண்ணு போட்டுக்கறேன்,” என்றார் அவர் சலிப்போடு. “சுத்த மட்டமான சரக்கு சார். ரெண்டு, மூணுன்னு கூட்டிக்கூடப் பார்த்துட்டேன், இனிக்கவே மாட்டேங்குது!”